இடித்துக் கட்டிய ஊர்

புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு ஒரு மஞ்சள் சுவர் போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலோ பெங்களூரிலோ பஸ் ஏறுகிறார்கள். சனிக்கிழமை காலை துய்மா வீதியிலோ ரொமேன் ரோலான் வீதியிலோ மஞ்சள் சுவரும், அதன்மேல் வழியும் காகிதப் பூவும், சாத்திக் கிடக்கும் ஒரு வெள்ளைச் சன்னலும் சேர்ந்தாற்போலக் கிடைத்துவிட்டால் வந்த காரியம் முடிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ள வரும் ஜோடிகளின் தொல்லை தனி. வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை வெளியே எடுக்க வேண்டுமென்றாலும் கேமராக்காரர் தலையசைக்கும்வரை நிலைப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

குறை சொல்லவில்லை, அந்த வீதிகள் அழகுதான். விடிந்தும் விடியாத நேரத்தில், கடற்கரைச் சாலையில் இன்னும் வண்டிகளை விடாதபோது நடந்து பார்த்தால் இந்தியாவில் இப்படி இன்னொரு இடம் கிடைப்பது கஷ்டம் என்று எனக்கே தோன்றும். ஆனால் சென்னையிலிருந்து வந்த என் அக்கா மகள் அப்படிப்பட்ட சுவரொன்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இதெல்லாம் எத்தனை வருஷம் பழசு?” என்று கேட்டாள். இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது என்பது என் கட்சி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் சுற்றுலாக் கையேட்டில் உள்ள வரிசையே தலைகீழாகிவிடும்.

பிரெஞ்சு கும்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து கால் ஊன்றியது 1674-இல். 1693-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்ச காலத்தில் அவர்கள் போட்ட நகரத் திட்டத்தில்தான் இன்றைய நேர்நேரான வீதிகளின் ஆரம்பம் இருக்கிறது. பிரெஞ்சு ஊரின் முகவெட்டே டச்சுக்காரன் வரைந்தது! பிறகு 1742 முதல் 1754 வரை துய்ப்ளே கவர்னர். அவர் காலத்தில் கோட்டை, மாளிகை எல்லாம் அமர்க்களமாக இருந்தது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் முற்றுகைக்கு ஊர் பணிந்தது. உள்ளே வந்தவர்கள் கொள்ளையடித்துவிட்டுப் போகவில்லை, திட்டம் போட்டு இடித்தார்கள். கோட்டை, கவர்னர் மாளிகை, தேவாலயங்கள், வெள்ளையர் வீடுகள் எல்லாம் தரைமட்டம். பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1765-இலிருந்து ழான் லா என்ற கவர்னர் மேற்பார்வையில் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். ஆகவே துய்ப்ளே நடந்த வீதி என்று கைடு சொன்னால் நம்பலாம். துய்ப்ளே இருந்த வீடு என்று எதையாவது காட்டினால் நம்ப வேண்டாம். ராஜ் நிவாஸ் என்ற ஆளுநர் மாளிகைகூட இடித்த பிறகு எழுந்ததுதான்.

அப்படியானால் பழைய வீடு எங்கே? பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வர வேண்டும். கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று ஊரைப் பிரித்த வாய்க்கால் அது. சாக்கடை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய காலம் போய், இப்போது சிமெண்ட் கட்டிக் கொஞ்சம் தேவலையாக இருக்கிறது. ஆங்கிலேயர் 1761-இல் தமிழர் பகுதியில் அந்த அளவுக்குக் கை வைக்கவில்லை. அதனால், துய்ப்ளேவின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு நின்றுவிட்டது, எசமானரின் மாளிகை போய்விட்டது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அவர் பேரிலேயே உள்ள ரங்கப்பிள்ளை வீதியில் அந்த வீடு இருக்கிறது. மீன் கூடை, பூக்கடை, சரக்கு இறக்கும் குட்டியானை வண்டி, ஹாரன் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே தெருவிலிருந்து பார்த்தால் சட்டென்று கண்ணில் படாது. உள்ளே முற்றத்தைச் சுற்றிக் கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள் நிற்கின்றன. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பார்க்கிற மாதிரியேதான். அண்ணாந்தால் மேல்தளத்தில் ஐரோப்பிய பாணியில் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புத் தூண்கள். கீழே வீட்டு ஆட்கள், மேலே துரைமார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் முற்றத்தில் நின்று பார்க்கிறவருக்கு அந்த மனிதர் பகல் முழுக்க எந்த இரண்டு உலகத்துக்கு நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் என்பது புரிந்துவிடும்.

1736 செப்டம்பர் 6-இல் அவர் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். கப்பல் வந்தது, துணி விலை, கவர்னர் கோபித்துக்கொண்டது, யார் யாருக்கு எவ்வளவு மரியாதை நடந்தது என்று ஒன்றையும் விடவில்லை. எனக்கு அதில் பிடித்ததே அந்த மரியாதைக் கணக்குதான். தனக்குக் கிடைத்த பல்லக்கையும் பரிசையும் பற்றி மனிதர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் எழுதுகிறார். 1761 ஜனவரியில், ஊர் வீழ்வதற்குச் சில நாள் முன்னால் அவர் கண்ணை மூடிவிட்டார். இடிப்பதைப் பார்க்கவில்லை.

ஆனால் வேறொரு இடிப்பை அவர் பார்த்தார், எழுதியும் வைத்தார். 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரன் கோயில் இடிக்கப்பட்டது. கோயில், சேசு சபையாரின் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. நெடுநாளாக அவர்களுக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது, துய்ப்ளேவின் மனைவியும் அவர்கள் பக்கம். போர்ச் சமயம் வசதியாகப் போயிற்று. பிள்ளையின் குறிப்பைப் படித்தால், கவர்னருக்கு வேண்டியவராகவும் கோயிலுக்கு வேண்டியவராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாமல் அவர் தவிப்பது தெரியும். பதின்மூன்று வருஷம் கழித்து ஆங்கிலேயர் அந்தத் தேவாலயத்தையும் இடித்தார்கள். இப்போது மிஷன் வீதியில் நாம் பார்க்கும் சம்பா கோயில் 1791-இல் எழுந்தது. வேதபுரீஸ்வரர் பிற்பாடு ஈஸ்வரன் கோயில் வீதிக்குக் குடிபோனார். இரண்டும் நடந்து போகிற தூரம்தான். ஒரே காலை நேரத்தில் இரண்டையும் பாருங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் பாதிக் கதைதான்.

இடிந்து கிடந்த நாட்களில் இங்கே வந்து மாட்டிக்கொண்ட ஒருவரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானவியலாளர். சூரியனைக் கடந்து போகும் வெள்ளிக் கிரகத்தைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காகப் புறப்பட்டார். 1761 ஜூனில் அது நடந்தபோது அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார், ஊர் எதிரி கையில் இருந்தது. அடுத்தது 1769-இல் வரும் என்று எட்டு வருஷம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றிக் காத்திருந்து, இடிபாடுகளுக்கு நடுவே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஜூன் மாதக் காலையில் மேகம் மறைத்துவிட்டது. 1771-இல் பிரான்ஸ் திரும்பினால், ஆள் செத்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். கடற்கரையில் துய்ப்ளேவுக்குச் சிலை இருக்கிறது. இவருக்கும் ஒரு சிறிய பலகையாவது வைக்கலாம்.

கடற்கரையின் மற்ற காட்சிகளை ஒரு மாலையில் முடித்துவிடலாம். 1836-இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம், 1938-இல் திறந்த போர் நினைவுச் சின்னம், காந்தி சிலையைச் சுற்றி நிற்கும், செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கருங்கல் தூண்கள். மேரி என்று நாம் சொல்லும் நகராட்சிக் கட்டடம் 19-ஆம் நூற்றாண்டினுடையது என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் பொத்தென்று விழுந்துவிட்டது. இப்போது நிற்பது உலக வங்கிக் கடனில் அதே ஜாடையில் எழுப்பிய புதியது. நகல்தானே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்த ஊரில் அப்படிச் சுளிக்க ஆரம்பித்தால் எதன் முன்னாலும் நிற்க முடியாது.

மணலுக்கும் அதே கதை. அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980-களில் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே தடைபட்டு, ஊர்க் கடற்கரை அரித்துப் போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. அந்தக் கல் மேல் உட்கார்ந்து சுண்டல் தின்று வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றைப் போட்டபின் காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பழைய பீச் என்று நினைத்துக் காலை நனைக்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு வீதியைத்தான் காட்டச் சொன்னால் வைசியாள் வீதியைக் காட்டுவேன். கல்வே சுப்பராய செட்டி வீதி என்றால்தான் பலகையில் இருக்கும். தெருவை ஒட்டி மரக்கால்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம், அது தெருவில் போகிறவருக்கு. அதற்குள்ளே திண்ணை, அது தெரிந்தவருக்கு. அப்புறம் பித்தளைக் குமிழ் வைத்த கனத்த கதவு, அதைத் தாண்டினால்தான் வீடு. மாடியில் மட்டும் வளைவு வைத்த சன்னல்களும், காற்று வரும் வெனிசியப் பலகைக் கதவுகளும், முகப்பில் பூ வேலையும். பிள்ளை வீட்டுச் சூத்திரமே இங்கே தெருவாக நீண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பு இந்த வரிசையைச் செப்பனிட்டது, 2008-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. செப்பனிட்டது முகப்பைத்தான் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. சிமெண்டை உரித்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்ததே பெரிய வேலை என்பேன் நான். பக்கத்து வீதிகளில் தாழ்வாரத்தை இரும்புக் கிராதி போட்டு மூடி பைக் நிறுத்துகிறார்கள். அதற்கடுத்த வீதியில் பழையதை இடித்துவிட்டு நான்கு மாடி கட்டி, முகப்புக்கு மறக்காமல் மஞ்சள் அடிக்கிறார்கள்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி குடியிருந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் இதே பக்கம்தான். பாரதி 1908-இல் வந்து 1918 வரை இருந்தார். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் பிறந்தது இந்த ஊரில். இதையெல்லாம் தமிழ் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணக்குள விநாயகர் கோயிலுக்கு மட்டும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. 2022-இல் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியில் விழுந்து இறந்ததிலிருந்து, ஆசீர்வாதம் வாங்க நாணயத்தோடு வரும் குழந்தைகளுக்குப் பதில் சொல்வதுதான் சங்கடம்.

எல்லாவற்றிலும் பழசு எது என்று கேட்டால் ஊரை விட்டுத் தெற்கே, அரிக்கமேட்டுக்குப் போக வேண்டும். ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த துறை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி உலகத்துக்குச் சொன்னார். ஆனால் மேகத்திடம் தோற்ற அதே லெ ஜான்தி, 1769 வாக்கிலேயே இங்கே மக்கள் ஆற்றங்கரையிலிருந்து பெரிய பெரிய பழஞ்செங்கல்லைப் பெயர்த்துப் போவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஊரை மறுபடி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இன்று அங்கே போனால் தோப்பும் ஆறும், ஒரு இடிந்த சுவரும்தான். வருகிறவர்கள் அதை ரோமானியச் சுவர் என்று தொட்டுப் பார்க்கிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் மிச்சம். ரோமானியரோடு வியாபாரம் நடந்த காலம் அதற்கும் கீழே மண்ணுக்குள் மூடிக் கிடக்கிறது. பானை ஓடுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அரிக்கமேட்டை ஒட்டியே வீராம்பட்டினம். ஆடி வெள்ளியில் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார். 1954-இல் அவர்கள் போன பிறகும் அந்த வழக்கத்தை யாரும் நிறுத்தவில்லை, இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். அன்றைக்குப் போவதானால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி நகராது.