வராலும் தூண்டிலும்

அமெரிக்கத் தூண்டிற்காரர் பாஸ் மீனைத் தேடுவது போல, ஹைதராபாத்தில் புதிதாகத் தூண்டில் ஏந்துவோர் தேடுவது வராலை. தெலுங்கில் அது கொர்ரமீனு. தெலங்கானாவின் மாநில மீன். இரண்டும் பதுங்கியிருந்து பாயும் ஊனுண்ணிகள். ஆதலால் போலி இரைக்கும் வாய் திறப்பவை.

அகநானூற்றின் 36ஆம் பாடலில் மதுரை நக்கீரர் காட்டும் வரால், கொக்கியின் இரையை விழுங்கியபின் ஆம்பல் இலை கிழிய, குவளை மலர் சிதையப் பாய்கிறது. கயிற்றுக்கு அடங்காத காளையெனக் குளத்தைக் கலக்குகிறது. தொடங்குவோர் அறியவேண்டியது அதிலேயே உண்டு. மீன் இருப்பது இலைப்பரப்பின் அடியில். ஆகவே களையில் சிக்காத ரப்பர்த் தவளையும் வலுவான பின்னல் நூலும் தேவை. வரால் காற்றையும் சுவாசிப்பது; அதற்காக மேலெழும்போது நீரில் தோன்றும் சலனம் அதன் இடத்தைக் காட்டிவிடும்.

பாடல் சொல்லாத ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மிதக்குமிடத்தில் பெற்ற மீன்கள் காவல் நிற்கும். 'தூண்டு' என்னும் வேரில் பிறந்தது தூண்டில். அங்கே அது தூண்டுவது பசியை அன்று, காவலின் சீற்றத்தை. தொடக்கக்காரருக்கு அதைவிட எளிய மீன் வேறில்லை. அதைப் பிடித்தாலோ, குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரை.

1908ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் மூசி ஆற்றின் குறுக்கே எழுந்த உஸ்மான் சாகராயினும், சிற்றூர் ஏரியாயினும், அனுமதி கேட்டு அமர்வது முதற்கடமை. செந்நிறத் திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்வது அடுத்தது.