சாமி கண்ணைக் குத்துமா?

"பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்!" இந்த மிரட்டலைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? இந்தச் சாமிக்குச் சமய பேதமே கிடையாது. அம்மன் கோயில் தெருவிலும் குத்தும். மாதா கோயில் தெருவிலும் குத்தும். எங்கள் தேரிக்காட்டு ஊரில், இரவுதோறும் குடும்ப ஜெபம் நடக்கிற கிறிஸ்தவ வீடுகளிலும் அது விரலை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

தோழர்களே, நான் வேதியியல் படிக்கும் மாணவி. இறையியல் கற்றவள் அல்லள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பனையேறுகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். படித்த பெண் என்று சொல்லி எங்கள் சபையார் என்னை ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியை ஆக்கிவிட்டார்கள். ஞாயிறுதோறும் காலையில் முப்பது பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்வது என் வேலை. கடவுள் மன்னிக்கிறார், மனிதனின் உள்ளம் மாறும் என்னும் இரண்டையும் அவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது என்பது மூன்று ஆண்டுகளாக எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

இரவு ஜெபத்தில் கடவுள் மன்னிக்கிறவர் என்று சொல்கிறோம். காலையில், பால் கொட்டிய பிள்ளையிடம், அதே கடவுள் கண்ணைக் குத்துவார் என்கிறோம். பிள்ளை எதை நம்பும்? கையில் அகப்பையோடு சொல்லப்படுவதைத்தான் நம்பும்!

சொற்களும் தொல்லை தருகின்றன. எங்கள் வேதாகமத்தில் 'மனந்திரும்புதல்' என்று இருக்கிறது; கத்தோலிக்க நண்பர்கள் 'மனம் மாறுதல்' என்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் புதுநன்மை வாங்கும் முன்பே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்த் தங்கள் குற்றத்தை வாய்விட்டுச் சொல்லப் பழகுகிறார்கள். எங்கள் பிள்ளைகளோ சபையோடு சேர்ந்து பொதுவாக அறிக்கை செய்கிறார்கள். பரமண்டல ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் எங்கள் மொழிபெயர்ப்பில் 'கடன்' என்ற சொல் வருகிறது. ஒரு சிறுமி எழுந்து, "அக்கா, இது குழுக் கடனா?" என்றாள். வாரந்தோறும் தவணை வசூலிக்க ஆள் வந்து நிற்கும் தெருவில் பிறந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்? மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன் தள்ளுபடி ஆனால் ஒரு வீட்டில் எவ்வளவு நிம்மதி பிறக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்.

பிள்ளைகளுக்கு மன்னிப்பைச் சொல்லித்தர யோசேப்பின் கதையைப் போல் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அதை நாம் பாதியாக்கிச் சொல்கிறோம். பலவருண அங்கி, குழி, இருபது வெள்ளிக்காசுக்கு விற்றது, எகிப்து, சிறை. பிறகு ஒரே தாவலில் அண்ணன்மாரைக் கட்டிக்கொண்டு அழும் காட்சி. படங்களும் அப்படியே வரையப்பட்டிருக்கின்றன. நடுவில் உள்ள அதிகாரங்கள் எங்கே போயின?

பஞ்சத்தில் தானியம் வாங்க வந்த அண்ணன்மாரை யோசேப்பு பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்கிறான். ஆனாலும் தன்னை இன்னான் என்று சொல்லவில்லை. கடுமையாகப் பேசுகிறான், தனியே போய் அழுகிறான், தானியமும் கொடுத்து, அவர்கள் கொடுத்த பணத்தையும் அவர்களுக்குத் தெரியாமல் சாக்குகளில் திரும்ப வைத்து அனுப்புகிறான். மறுமுறை வந்தபோது கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்துவைக்கிறான். "ஏன்க்கா, உடனே 'நாந்தான் யோசேப்பு'ன்னு சொல்லிருக்கலாம்லா?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி!

நான் அவனுக்கு யூதாவைக் காட்டினேன். முன்பு, 'தம்பியை விற்றுவிடலாம்' என்று யோசனை சொன்னவனே இந்த யூதாதான். இப்போது பென்யமீன் பிடிபட்டிருக்கிறான். விட்டுவிட்டுப் போனால் பத்து அண்ணன்மாரும் தப்பிவிடலாம். அப்போது யூதா முன்னே வந்து, தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கெஞ்சுகிறான். தகப்பன் இன்னொரு பிள்ளையையும் இழந்தால் தாங்கமாட்டார் என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு வாய்விட்டு அழுது தன்னை வெளிப்படுத்துகிறான். தானியமும் பணமும் கேட்காமலே கிடைத்தன, தன் பெயரைச் சொல்ல மட்டும் யோசேப்புக்குக் காலம் பிடித்தது என்றேன். அந்தப் பையன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அவன் மொதல்லயே மன்னிச்சிட்டான். நம்புறதுக்குத்தான் லேட்டு" என்றான். நான் அரைமணி நேரமாகச் சொல்ல முயன்றதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது, ஊருக்கே தெரிஞ்சதுதான" என்றார்.

அப்பா அப்போது குடிப்பார். நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, கூரை மாற்றுவதற்காக அம்மா பீடிக் காசில் சிறுகச் சிறுகச் சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ஆறாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மழைக்காலம் முழுவதும் ஒழுகுகிற இடங்களில் சட்டி வைத்துக்கொண்டு படுத்தோம். அடுத்த ஆண்டு கன்வென்ஷன் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று அழுது சாட்சி சொன்னார். சபை முழுவதும் கடவுளைத் துதித்தது. மறுநாளே அத்தை வந்து அம்மாவிடம், "கர்த்தரே மன்னிச்சிட்டாரு. நீ இன்னும் சாவிய முந்தியில முடிஞ்சுக்கிட்டுத் திரியுதியே!" என்றார். அம்மா பீடி சுற்றுவதை நிறுத்தாமலே, "நானும் மன்னிச்சாச்சு மதினி. சாவி வேற" என்றார்.

அம்மா அப்பாவுக்குச் சூடாகச் சோறு போட்டார். பழையதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. எங்களையும் சொல்ல விடவில்லை. சாவி மட்டும் முந்தியிலேயே இருந்தது. அப்பாவும் கேட்கவில்லை. பதனீர்க் காலம் வந்ததும் சனிக்கிழமைதோறும் கருப்பட்டி விற்ற காசை அப்படியே கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். இப்படி இரண்டு பருவம் சென்றது. பிறகு ஒரு நாள், சித்தியின் பிரசவத்துக்குப் புறப்பட்ட அம்மா வாசலில் நின்று, "பெட்டிச் சாவி மாடக்குழியில கெடக்கு, பாத்துக்கிடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார். அப்பா வெகுநேரம் திண்ணையை விட்டு எழவில்லை. ஐந்து வயதுத் தம்பி போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டான்.

சகேயுவின் கதையும் இதுதானே? வரி வசூலித்து ஏமாற்றிய அவன், இயேசு தன் வீட்டுக்கு வந்தபின், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னான். (அவன் ஏறியது பனைமரமா என்று எங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்பார்கள். காட்டத்தி என்றால் அவர்களுக்கு ஏமாற்றம்!) நாமோ சண்டையிட்ட இரு பிள்ளைகளை இழுத்துவந்து, "சாரி சொல்லு, கை குடு" என்கிறோம். வாய் சாரி சொல்கிறது. பெஞ்சுக்கு அடியில் கால் மிதிக்கிறது. உடைத்த சிலேட்டை யார் வாங்கித் தருவது என்ற பேச்சே எழுவதில்லை. அடித்தது தவறு என்று தெரிந்த பிறகு தன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட பெற்றோரை எத்தனை வீடுகளில் காண முடியும்? எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஒரே வீடு.

பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொன்றும் சொல்வேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், தொழுநோயாளரிடையே பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ் என்பவரையும், 10 வயதும் 6 வயதும் ஆன அவருடைய இரண்டு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்துக் கொன்றார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். உடனே ஊரைவிட்டுப் போய்விடாமல் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வழக்கோ தன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன். 'மன்னிக்க வேண்டும்' என்று சொல்லி, அடிபடுகிற பிள்ளையின் வாயை அடைக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையிடம், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் போய் நடந்ததைச் சொல் என்பதுதான் என் முதல் பாடம்.

சென்ற மாதம் கெட்ட குமாரன் உவமை எடுத்தோம். ஊதாரியாகத் திரிந்து பன்றி மேய்த்த இளைய மகன் திரும்பி வருகிறான். தூரத்தில் கண்டவுடன் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். கொழுத்த கன்றை அடித்து விருந்து நடக்கிறது. வயலிலிருந்து வந்த மூத்தவன் கோபங்கொண்டு உள்ளே வர மறுக்கிறான்; தகப்பன் வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்பதைச் சொல்லாமலே உவமை முடிந்துவிடுகிறது. பிள்ளைகளிடம் கேட்டேன்.

"போயிருப்பான்க்கா, கறிச்சோறுல்லா!" என்றான் முன்வரிசைப் பையன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

'குழுக் கடனா' என்று கேட்ட சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த அப்பா எவ்ளோ நேரம் வெளியவே நின்னாருக்கா?" என்றாள்.