பேரிங் போனது எதனால்?

பண்ருட்டி என்றால் ஊருக்கெல்லாம் பலாப்பழம். வாத்தியம் செய்கிறவர்களுக்கோ அது பலாமரம். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இந்தப் பக்கத்துப் பலாவைத் தேடி வருகிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது பலாவும் முந்திரியுமாகத் தோப்புத் தோப்பாய்ச் சாய்ந்தன. ஒரு தலைமுறை வளர்ந்த மரமெல்லாம் ஒரே காலையில் தரையில் கிடந்தது. வீட்டு நிலை, கதவு, கட்டில் என்று மரம் எதுவாக ஆவதானாலும் முதலில் சா மில்லுக்குப் போயாக வேண்டும்.

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில், கெடிலம் ஆற்றிலிருந்து அதிக தூரமில்லாத அப்படியொரு மில்லில் பேண்ட் சாவின் மேல் வீலுக்குப் பேரிங் மாற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என 36 அங்குல விட்டத்தில் இரண்டு இரும்பு வீல்கள். அவற்றைச் சுற்றி ஓடும் பிளேடு. கீழ் வீலை மோட்டார் சுழற்றுகிறது. மேல் வீலின் வேலை பிளேடை இழுத்துப் பிடித்து, நேராக ஓட வைப்பது. அந்த இழுவை முழுவதையும் தாங்குவது ஷாஃப்ட்டின் இரு பக்கமும் பிளம்மர் பிளாக் என்ற இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரிங்குகள்.

ஒரு மாதமாகவே பலகை ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் விழுந்திருக்கிறது. எல்லா மில்லிலும் நடப்பதுபோல முதல் பழி பிளேடு மேல் விழுந்தது. சாணை பிடித்தார்கள், புதுப் பிளேடே மாட்டினார்கள். அதுவும் வீலில் முன்னும் பின்னுமாக அலைந்தது. பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர். நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக கன்வேயர் ரோலர் மாற்றிக்கொண்டிருந்தவர். நிலக்கரியும் மண்ணும் போகும் அந்த நீள பெல்ட்டுகளின் அடியில் ஒவ்வொரு ரோலருக்கும் இரு முனையிலும் பேரிங் உண்டு. அவருடைய காது பழகியது அங்கேதான். மிஷினை நிறுத்தச் சொல்லும் முன் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக்கின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டார்.

“நல்ல பேரிங்னா ஒரே மாதிரி உஸ்ஸுனு போவும் சார். இது கரகரங்குது. நடுவுல ஒரு தட்டு வருது பாருங்க.” என்னிடம் கொடுத்தார். எனக்கு மொத்த மில்லும் சேர்ந்து இரைந்தது மட்டும்தான் கேட்டது.

மெயினை அணைத்ததும் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடிகிறவரை அவை அங்கேயே இருந்தன. எந்தப் பாதுகாப்பு வகுப்பிலும் கற்றதல்ல அது. பிறகு பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம். திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவனின் தேருக்கே, பிள்ளையாரைக் கும்பிட மறந்ததால் அச்சிறுபாக்கத்தில் அச்சு முறிந்தது என்பது புராணம். அந்தத் திரிபுரத்தை எரித்த வீரட்டானம் இந்தத் திருவதிகைதான். இந்த ஊரில் ஷாஃப்ட்டில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றுவதை நான் கேலி செய்ய மாட்டேன்.

டென்ஷனைத் தளர்த்தி பிளேடைக் கழற்றி, செயின் பிளாக்கில் வீலைத் தூக்கி நிறுத்தி, பிளாக்கின் மூடியைத் திறந்தார்கள். உள்ளே கிரீஸ் என்று ஒன்றும் இல்லை. மரத்தூளும் பலாப் பிசினும் சேர்ந்து இறுகிய கறுப்புக் களிதான் இருந்தது. உதவிக்கு வந்த பையன் சுத்தியலை எடுத்தான். “டேய், அத கீழ வையி. லாக் நட்டத் தளத்து மொதல்ல.”

எடுத்த பேரிங்கைத் தூக்கிப் போடாமல் மண்ணெண்ணெயில் கழுவினார். விளிம்பில் 2212 கே என்ற எண் தெரிந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 60 மில்லிமீட்டர். ஆனால் ஷாஃப்ட்டோ 55 தான். இடையில் ஸ்லீவ் ஒன்று ஆப்பு மாதிரி இறங்கிப் பிடிக்கிறது. இரண்டு வரிசைக் குண்டுகளோடு உள்வளையம் சற்றே சாய்ந்தும் ஓடக்கூடிய இந்த வகை 1907-இல் சுவீடனில் பிறந்தது. கோத்தன்பர்க் நகரத்துத் துணி ஆலை ஒன்றில் களிமண் தரை இறங்கி, ஷாஃப்ட்டுகள் கோணி, பேரிங்குகள் போய்க்கொண்டே இருந்தன. அங்கே வேலை பார்த்த ஸ்வென் விங்குவிஸ்ட் தரையோடு மல்லுக்கட்டாமல், கோணலைப் பொறுத்துக்கொள்ளும் பேரிங்கைச் செய்தார். எஸ்.கே.எஃப். கம்பெனி தொடங்கியது அதை வைத்துத்தான். சா மில்லின் தரையும் ஒன்றும் யோக்கியமானதல்ல என்பதால் அந்தக் கண்டுபிடிப்பு இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

கழுவிய பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பினார். வெளிவளையத்தின் உட்பக்கமான ரேசில் குண்டு ஓடிய தடம் அம்மைத் தழும்பாகக் குழிந்திருந்தது. அந்தத் தடம் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. மற்றதையும் கழுவினார். அதில் எதிர்ப்பக்கம்.

தூசியால் மட்டும் செத்திருந்தால் இப்படி ஒதுங்காது என்றார். பிளாக்கின் உள்ளே விரல் விட்டு ஒரு இரும்பு வளையத்தை எடுத்துக் காட்டினார். லொக்கேட்டிங் ரிங். பேரிங்கைப் பக்கவாட்டில் அசையவிடாமல் பூட்டுவது. இரண்டு பிளாக்கில் ஒன்றில்தான் அது இருக்க வேண்டும். ஷாஃப்ட் சூடேறி நீள்வதற்கு மற்றது நகர இடம் வேண்டும். போன தடவை மாட்டியவர் இரண்டிலும் போட்டுவிட்டார். “பிளாக்க போல்ட்டு போட்டு முறுக்கும்போதே ரெண்டும் ஒன்ன ஒன்னு தள்ள ஆரம்பிச்சிருக்கும் சார். இப்படியே புதுசு மாட்டியிருந்தா அதுவும் போயிருக்கும்.”

முதலாளிக்கு அவசரம். வெளியே லோடு நிற்கிறது. “மாட்டி உடுப்பா, பாத்துக்கலாம்” என்று இரண்டு தடவை வந்து போனார். மெக்கானிக் பதில் பேசாமல் ஷாஃப்ட்டை எமரித் தாளால் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதியதை மாட்டும்போது எனக்குப் பிடித்தது லாக் நட்டை முறுக்கிய விதம். கொஞ்சம் முறுக்குவார், வெளிவளையத்தைச் சாய்த்துப் பார்ப்பார், சுற்றிப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம். தளர்ந்தால் ஸ்லீவ் ஷாஃப்ட்டில் வழுக்கும். இறுகினால் குண்டுகளுக்கு இடமிருக்காது, சூடேறும். வளையம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், சாய்க்கும்போது மட்டும் லேசாகப் பிடிக்க வேண்டும். அந்த ‘லேசாக’ எவ்வளவு என்று கேட்டேன். என் கையைப் பிடித்து வளையத்தின் மேல் வைத்தார்.

கிரீஸை பையன் தாராளமாக அள்ளினான். அதில் பெரும்பகுதியை அவர் திரும்ப எடுத்துவிட்டார். பிளாக்கின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். அடைத்து வைத்தால் கிரீஸைக் கடைந்தே பேரிங் கொதிக்கும். தேய்ந்துபோன ஃபெல்ட் சீல்களையும் மாற்றினார். விலை சொற்பம், ஆனால் தூள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

ரிங்கை ஒரு பக்கம் மட்டும் போட்டு மூடினார்கள். பிளேடு ஏற்றி, முதலில் வெறுமனே ஓடவிட்டு, பிளாக்கின் மேல் அவ்வப்போது புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு முந்திரிக் கட்டையை விட்டார்கள். பலகை இரு முனையும் ஒரே கனத்தில் வந்தது. சுற்றியிருந்த யார் காதிலும் எந்தக் கவசமும் இல்லை. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற காது இந்த இரைச்சலில் எத்தனை வருஷம் தாங்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

மில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றிய பேரிங்கைக் காயலான் கடைக்குப் போடும் முன் கழுவி, ரேசில் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க மெக்கானிக்குக் கூடுதலாக அரை மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். கூடவே ஒரு ஜோடி காதடைப்பானும் வாங்கி வையுங்கள்.