கொல்லிமலையில் சைக்கிள் பழகுகிறோம்

மலைச் சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி என்று தேடினால் நூற்றுக்கணக்கில் பயிற்சி அட்டவணைகள் கிடைக்கும். பன்னிரண்டு வாரம், பதினாறு வாரம், இருபது வாரம். செவ்வாய்க்கிழமை எவ்வளவு வேகம், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி நேரம், எதைச் சாப்பிட வேண்டும் என்று எல்லாமே அதில் இருக்கும். இரண்டு விஷயங்களை மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஒன்று, விடியற்காலையில் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்காத ஒரு சாலை. இன்னொன்று, வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்க ஒரு நாள். இவை எல்லோரிடமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அட்டவணை போடுகிறார்கள்.

நாங்கள் நான்கு பேர். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு காலனி. ஒருவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஒருவர் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறார். ஒருவர் நர்சிங் படிக்கிறார். இன்னொருவர் சட்டம் படித்துக்கொண்டே எங்கள் மாலை நேர வகுப்பை நடத்துகிறார். அடுத்த மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் 80 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறோம். உலக சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி 60 முதல் 160 கிலோமீட்டர் வரை போகும் மலைப் பந்தயம் மாரத்தான் வகை. எங்களுக்கு இதுதான் முதல் முறை.

"இது பணக்காரன் விளையாட்டு, நமக்கெதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் இந்த விளையாட்டு பிறந்தபோது அதில் ஓடியவை பழைய கனத்த இரும்புச் சைக்கிள்கள். ஒரு மலைச்சரிவில் அவற்றை உருட்டிவிட்டுப் பந்தயம் வைத்தார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி கிரீஸ் எரிந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்தது. 1996-ல் இது ஒலிம்பிக்குக்குப் போய்விட்டது. இன்று சைக்கிளுக்கே சில லட்சங்கள் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய இரண்டு, தவணையில் வாங்கிய ஒன்று, கல்லூரி சீனியர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஒன்று.

சாலைக்கு வருவோம்.

எங்கள் காலனியிலிருந்து கொல்லிமலை அடிவாரத்துக்குக் குறுக்கு வழி, வேறொரு ஊரின் தெரு வழியாகப் போகிறது. தார்ச் சாலை, பஞ்சாயத்துச் சாலை, யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. முதல் வாரமே டீக்கடை முன்னால் நிறுத்தினார்கள். "யாரு ஊட்டுப் பசங்க? எந்தூரு?" ஊர்ப் பெயரைச் சொன்னோம். "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் என்ன வேகம் என்றார்கள். பிறகு, பொம்பளப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இருட்டில் எங்கே போகிறீர்கள் என்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை. கேள்வி மட்டும்தான்.

சுற்றிப் போனால் நான்கு கிலோமீட்டர் அதிகம். இதை வைத்து எங்களுக்குள் இரண்டு வாரம் சண்டை. பயிற்சிக்கு வந்தோமா, போராட்டத்துக்கு வந்தோமா என்று ஒரு பக்கம். இந்தத் தெருவைச் சுற்றிப் போகிறவன் மலையை மட்டும் எப்படி நேராக ஏறுவான் என்று இன்னொரு பக்கம். வீட்டில் அம்மாக்களுக்கு வேறு பயம். இதே மாவட்டத்தில் 2015-ல் கோகுல்ராஜைத் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை வர 2022 ஆனது. ஆணும் பெண்ணும் சேர்ந்து சைக்கிளில் போவது எங்கள் அம்மாக்களுக்கு வெறும் உடற்பயிற்சியாகத் தெரியவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சட்டம் படிக்கும் தோழர் ஒரு நாள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். 2015 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 3(1)(za) என்ன சொல்கிறது தெரியுமா? பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். சைக்கிள் என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் சைக்கிளைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்றால், நாடு முழுக்க எத்தனை தெருக்களில் எத்தனை பேரை இறக்கி உருட்ட வைத்திருப்பார்கள்! தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் தொடங்கியபோது முதலில் கொடுக்கப்பட்டது பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத்தான். அரசு சைக்கிளைக் கொடுத்தது. தெருவை யார் கொடுப்பது?

நேராகவே போகிறோம். நான்கு பேரும் சேர்ந்து, விளக்குப் போட்டுக்கொண்டு, காலை ஐந்தேகாலுக்கு. செல்போனில் வீடியோ ஓடும். இரண்டு மாதமாக யாரும் நிறுத்தவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் தினமும் எண்ணிப் பார்க்கிறார், நான்கு பேரும் இருக்கிறோமா என்று.

காரவள்ளியில் மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். முதல் நாள் நாற்பத்து மூன்றாவது வளைவோடு கால் நின்றுவிட்டது. இப்போது நான்கு பேரும் நிற்காமல் சோளக்காடு வரை போகிறோம். ரகசியம் ஒன்றும் இல்லை. ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் மிதிக்க வேண்டும். பேச்சு இரண்டு சொல்லாக உடைந்தால் கியரைக் குறைக்க வேண்டும். இதயத் துடிப்புக் கருவி வாங்கக் காசில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் நான்கு நிமிடம் முழு மூச்சாக ஏறுவது, நான்கு நிமிடம் ஆசுவாசம், இப்படி ஐந்து முறை. ஞாயிறன்று நீண்ட ஓட்டம்.

மலைக்கு மேலேதான் உண்மையான பாடம். சிவப்பு மண் பாதை, உருளும் கல், மழை அறுத்த பள்ளம். டயரில் காற்றைக் குறைத்தால்தான் மண்ணைப் பிடிக்கிறது. இறக்கத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போவீர்கள். நாங்கள் ஒரு செங்குத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியபோது, தலையில் விறகுக் கட்டோடு மலையாளிப் பழங்குடி அம்மா ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். "வண்டிய வெச்சிட்டு நடந்தா சீக்கிரம் போயிரலாமே சாமி" என்றார். நமக்குப் பயிற்சிக் களம், அவர்களுக்கு ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வழி. அந்த நினைப்பு இருந்தால் அவர்கள் பாதையில் ஒதுங்கி வழிவிடத் தோன்றும்.

சாப்பாடு பற்றிக் கேட்கிறீர்கள். ஓடும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். மீதிக்குக் கடலை மிட்டாய். கிளம்பும் முன் கம்பங்கூழ். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்கு நர்சுகள் சொல்லித்தரும் அதே கரைசல்தான். பாக்கெட்டில் விற்கும் ஜெல்லுக்குச் செலவு செய்யாதீர்கள். புரதத்துக்கு முட்டை. ஓடு விரிசல் விட்டவற்றைப் பண்ணையில் குறைந்த விலைக்குத் தருவார்கள். நன்றாக வேகவைத்துச் சாப்பிடுகிறோம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட விலை கூடியது ஓய்வு. மிதிக்கும்போது உடம்பு தேய்கிறது, வலுப்படுவது தூங்கும்போதுதான். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைச் சொல்லும். வாரத்தில் ஒரு நாள் சும்மா இரு, நான்காவது வாரம் பாதியாகக் குறை. நகரத்துச் சைக்கிள் குழு ஒன்றின் பயிற்சியாளர் எங்களைப் பார்த்துப் பாராட்டாகச் சொன்னார்: "உங்களுக்கென்னப்பா, உழைக்கிற உடம்பு, ஸ்டாமினா தானா வரும்." இந்தப் பாராட்டில் ஒரு பழைய விஷம் இருக்கிறது. நம் உடம்பு பாரம் சுமக்கவே செய்யப்பட்டது என்கிற அதே கதை. பத்து மணி நேரம் குனிந்து வெல்டிங் வைத்தவனுக்குத் தொடை வலுவாகாது. முதுகு பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலை மலையில் மற்றவர்களைவிடப் பத்து நிமிடம் பின்னால் வருவான்.

அமெரிக்காவின் கறுப்பின வீரர் மேஜர் டெய்லர் 1899-ல் மாண்ட்ரியலில் உலக சாம்பியன் ஆனார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் அந்நாட்டுச் சைக்கிள் சங்கம் கறுப்பர்களை உறுப்பினர்களாகச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தது. அப்படி ஒரு காலத்திலும் அவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத்தில் இறங்கவில்லை. சமய நம்பிக்கைதான் காரணம். அதனால் பணத்தை இழந்தார். எங்களுக்கு அவர் பெற்ற பட்டத்தைவிட அந்த ஞாயிறுதான் பிடித்திருக்கிறது. இன்னது இன்ன நாளில் செய்யமாட்டேன் என்று சொல்ல முடிந்த உடம்பு அது.

அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில்தான் 1945-ல் சம்பளத்துடன் விடுமுறையும், 1946-ல் வாரத்துக்கு 54 மணி நேரம் 48 ஆகக் குறைந்ததும் தொழிற்சாலைச் சட்டத்தில் வந்தன. எங்கள் வெல்டர் தோழரின் பட்டறைக்கு அது வந்து சேரவில்லை. பீஸ் கணக்கு. போகாத நாளுக்குக் கூலி இல்லை.

பந்தயத்துக்கு முந்தைய ஒரு வாரம் பயிற்சியைக் குறைத்து உடம்பைத் தேற்ற வேண்டும். அதை ஒத்திகை பார்க்க, போன வாரம் மற்ற மூன்று பேரும் காசு போட்டு அவருடைய இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வீட்டில் படுக்கச் சொன்னோம். முதல் நாள் மதியம் கூழ் எடுத்துக்கொண்டு போனால் ஆளைக் காணோம். பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தார். "சும்மா படுத்தா பயமா இருக்குது" என்றார். கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு கூட்டிவந்தோம். இரண்டாவது நாள் நான்கு மணி நேரம் தூங்கினார்.