கைபடும் இடங்கள்

நம்மவர்கள் காடியைப் பற்றிப் பேசினால் பேச்சு எஞ்சினில் தொடங்கி எண்ணெய்ச் செலவில் முடியும். உட்புறம் அதில் வருவதே இல்லை. ஆனால் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் காலையும் மாலையும் நாம் தொட்டுக்கொண்டிருப்பது எஞ்சினை அல்ல. கதவின் கைத்தாங்கியை, கண்ணாடி ஏற்றும் பொத்தானை, ஏர்கோன் திருகியை. அவைதான் இன்று முதலில் கெடுகின்றன.

என் அண்ணன் நான்கு வருடங்களுக்கு முன்பு புதுக் காடி எடுத்தார். 9 வருடக் கடன். பகலில் ஒரு வேலை, இரவில் இ-ஹெய்லிங். மூன்றாம் வருடம் கைத்தாங்கி பிசுபிசுக்க ஆரம்பித்தது. அடுத்து டேஷ்போர்டுக்குள் எங்கிருந்தோ ஒரு 'டக் டக்' சத்தம். சர்வீஸ் சென்டரில், "இது நார்மல்தான் போஸ், வாரண்டில வராது" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா கைத்தாங்கியில் முகப் பவுடரைத் தடவிப் பார்த்தார். அது களியாகிவிட்டது. பயணிகள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். வாய்விட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. இறங்கியபின் கொடுக்கும் நட்சத்திரத்தில் ஒன்று குறைகிறது. அண்ணனுக்கு அது வருமானப் பிரச்சினை.

நான் வேலை செய்வது பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில். காடிகளின் உட்புறப் பாகங்கள் எங்களிடமும் செய்யப்படுகின்றன. அதனால் அந்த 'நார்மல்' என்ற சொல் எனக்குள் கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிசுபிசுப்பின் காரணம் எளிது. கெட்டியான, மலிவான பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர் போல மென்மையாக இருக்கட்டும் என்று ஒரு பூச்சு அடிக்கிறார்கள். பெரும்பாலும் அது பாலியூரித்தேன். காற்றின் ஈரமும் வெப்பமும் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல வெட்டும். பல்கலைக்கழகத்தில் ஹைட்ரோலிசிஸ் என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போன விஷயம். கை வியர்வையும் சன்ஸ்கிரீனும் அதை இன்னும் விரைவாக்கும். பழைய காடிகளில் கூரைத் துணி தொங்குவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய நுரை பொடியாகிவிடுகிறது. போமன் அதைத் தொடமாட்டார், குஷன் கடைக்குப் போகச் சொல்வார்.

சத்தத்துக்கும் காரணம் உண்டு. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காடியின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். அதில் அதிகம் பயன்படுவது பாலிபுரோப்பிலீன். ஒன்றரை மீட்டர் நீளப் பாகம் 50 டிகிரி சூடேறினால் சில மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. தினமும் நீண்டு, தினமும் சுருங்கி, பிடித்திருக்கும் கிளிப்புகள் தளர்ந்துவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டுத்தான்.

இதெல்லாம் பொறியாளர்களுக்குத் தெரியாத ரகசியமா? இல்லை. அமெரிக்காவில் டேஷ்போர்டுகள் உருகிப் பிசுபிசுக்கின்றன என்று புகார்களும் வழக்குகளும் கிளம்பி, டொயோட்டா சில கேம்ரி, லெக்ஸஸ் மாடல்களுக்கு டேஷ்போர்டை மாற்றிக் கொடுக்கும் திட்டத்தையே அறிவிக்க வேண்டியிருந்தது. புகார்கள் அதிகம் வந்த இடங்களில் ஒன்று ஃபுளோரிடா. அங்கேயும் நம்மைப் போலவே வெயிலும் புழுக்கமும்.

தெரிந்தும் ஏன் நடக்கிறது? தொழிற்சாலையில் பாகத்தின் பரப்பை ஏ, பி, சி என்று பிரிப்போம். ஏ பரப்பு, உட்கார்ந்ததும் கண்ணில் படுவது. அதில் ஒரு கீறல் இருந்தாலும் பாகம் கழிக்கப்படும். சி பரப்பு உள்ளே மறைந்திருப்பது. கிளிப்பும் தாங்குவிலாவும் அந்தப் பக்கம்தான். ஒரு பாகத்தின் விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். அந்தக் காசை ஏ பரப்பில் எடுக்க முடியாது; வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் எட்டுக் கிளிப் ஆறாகும். சுவரின் தடிமன் அரைக்கால் மில்லிமீட்டர் குறையும். சோதனையில் பாகம் தேறிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விதியை மீறவில்லை. ஷோரூமில் அந்தக் காடி நேற்றைவிட அழகாகவும் இருக்கும்.

தொழில் பெரிதாக மதிக்கும் தரக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. ஜே.டி. பவர் நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வு. அது கேட்பது வண்டி வாங்கிய முதல் 90 நாளில் வந்த குறைகளை. 90 நாள் எங்கே, 9 வருடக் கடன் எங்கே? அந்த இடைவெளியில்தான் என் அண்ணன் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

'அந்தக் காலத்துக் காடி மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் காற்றுப்பை கிடையாது. விபத்தில் உயிர் காப்பதில் இன்றைய சின்னக் காடிகூட அதைவிடப் பல மடங்கு மேல். எங்கள் பெரியப்பாவின் சாகாவில் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். ஆனால் அந்தக் கைப்பிடி கழன்றபோது அவர் திருப்புளியை எடுத்து வாசலிலேயே சரிசெய்தார். இன்று திருகாணி இருந்த இடங்களில் கிளிப். ஒருமுறை கழற்றினால் பாதி உடையும். ஒரு பொத்தான் போனால் முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்கிறார்கள். ஏர்கோன் திருகி திரைக்குள் போய்விட்ட காடிகளில் திரை செத்தால் ஏர்கோனும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2026 முதல் சிக்னல், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்போ இருந்தால்தான் முழுப் புள்ளி என்று சொல்லிவிட்டது. ஏர்கோன் அந்தப் பட்டியலில் இல்லை. நம் வெயில் அவர்களுக்கு எப்படித் தெரியும்.

பிசுபிசுப்பும் சத்தமும் எரிச்சல்தானே, உயிரா போகிறது என்று கேட்கலாம். தகாத்தாவை நினைத்துப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் காற்றுப்பை ஊதிகளில் இருந்தது அமோனியம் நைட்ரேட். ஈரமும் வெப்பமும் வருடக்கணக்கில் மாறி மாறித் தாக்கியதில் அந்த மருந்து சீர்குலைந்தது; விரிய வேண்டிய நேரத்தில் ஊதியே வெடித்து உலோகத் துண்டுகளை வீசியது. 2014இல் சரவாக்கின் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் அப்படித்தான் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் நிறுவனம் திவாலானது. அந்த ஊதியும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருந்த பாகம்தான். காலமும் ஈரமும் என்ன செய்யும் என்பதைக் குறைவாக எடைபோட்டதன் விலை அது.

திரும்ப அழைக்கும் கடிதம் பதிவேட்டிலுள்ள முகவரிக்குப் போகும். கைமாறி, வீடுமாறி ஓடும் வண்டியின் உரிமையாளருக்கு அது வந்து சேர்வது சிரமம். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. வசதி உள்ளவர் ஐந்து வருடத்தில் வண்டியை மாற்றிவிடுகிறார். வண்டியின் முதல் பாதி, அந்த ஏ பரப்பு, அவருக்கு. பிசுபிசுப்பும் உடைந்த கிளிப்பும் கிடைக்காத கடிதமும் செகண்ட் ஹேண்ட் வாங்கும் நம் பையன்களுக்கு. தரம் குறைந்தது எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை.

அடுத்த மாதம் அண்ணனின் நண்பர் ஒருவர் பழைய காடி வாங்கப் போகிறார். என்னையும் வரச் சொன்னார். எஞ்சினை அவருடைய போமன் பார்த்துக்கொள்வார். நான் மதியம் இரண்டு மணிக்குப் போகலாம் என்றேன், வெயிலில் நின்ற வண்டியாக. கைத்தாங்கியில் உள்ளங்கையை ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். கூரைத் துணியை விரலால் தட்ட வேண்டும். கண்ணாடிப் பொத்தான் தனியாகக் கிடைக்குமா, எத்தனை வெள்ளி என்று கேட்க வேண்டும். முக்கியமாக, சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்ப அழைப்பு ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் முன்பணம். "விக்கிறவன் கடுப்பாவான் தம்பி" என்றார். ஆகட்டும் என்றேன்.