பதநீர்க் காலத்தில் வந்த பேரப்பிள்ளைகள்



மும்பையிலும் பெங்களூருவிலும் தில்லியிலும் குடியிருக்கும் உங்களில் அநேகர், கோடை விடுமுறை நெருங்கும்போது ஊர்ப் பயணத்துக்கு ஆயத்தமாகிறீர்கள். நீங்கள் வந்து இறங்கும் வீட்டில் அந்த ஒரு மாதம் எப்படி நடந்தேறியது என்பதை, வாசலில் நின்று உங்களை வரவேற்ற ஓர் ஆச்சியின் நினைவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத்துக்கும் உடன்குடிக்கும் இடைப்பட்ட தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது.

செம்மணல் நாடு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் ஏறி நாசரேத்தில் இறங்குங்கள். கிழக்கும் தெற்குமாகச் சற்றுத் தூரம் சென்றால் மண்ணின் நிறம் மாறிவிடும். மணலின் மீது இரும்புத் துரு படிந்து செக்கச் சிவந்து கிடக்கும் மேடுகளையே தேரி என்கிறோம். மதிய வேளையில் அதில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசினால் நேற்றுப் பார்த்த பாதை இன்று மூடிப்போயிருக்கும். இந்த மணலிலும் கொல்லாமரமும் பனையும் செழித்து நிற்கின்றன.

தூரத்தில் மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் கோபுரம் தெரியும். ஏறக்குறைய 190 அடி உயரமுள்ள அந்தக் கோபுரமே, தேரியில் திசை தப்பியவர்களுக்கு எங்கள் நாட்களில் வழிகாட்டி. மறுபுறத்தில் 1799-ஆம் ஆண்டில் கிறிஸ்தவர்களின் குடியிருப்பாக உண்டான முதலூர் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவுக்கு அது பெயர்பெற்ற ஊர்.

இப்பொழுது மும்பையிலிருந்து நாகர்கோவில் ரயிலில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலுமாகத் திருநெல்வேலி வந்து சேரலாம். 1980-களில் என் பிள்ளைகள் தாதரில் ஏறி, சென்னையில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்குப் போய், மீட்டர்கேஜ் ரயிலைப் பிடித்து வந்தார்கள். வாசலில் வந்து நிற்கும்போது பிள்ளைகளின் முகமெல்லாம் கரிப்புகை அப்பியிருக்கும்.

உங்களுக்கு விடுமுறை, எங்களுக்கு வேலை

நகரத்தில் வளரும் பிள்ளைகள் அறியாத காரியம் ஒன்று உண்டு. பள்ளிகள் மூடும் அந்த மாதங்கள்தாம் பனையேறும் குடும்பங்களுக்கு வருஷத்திலேயே மிகவும் நெருக்கடியான வேலைக்காலம். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர் சுரக்கும். ஒருநாள் பாளை சீவாமல் விட்டாலும் சுரப்பு குறைந்துவிடும். ஆகையால் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்களே என்று எவரும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

1996-ஆம் ஆண்டு மே மாதத்தை நான் மறக்கவே மாட்டேன். நான்கு பிள்ளைகளும் குடும்பமாக வந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் மாத்திரம் ஒன்பது பேர். என் கணவருக்கு வயது அறுபதை நெருங்கியும் தினம் முப்பது மரம் ஏறினார், அதுவும் காலையிலும் மாலையிலும் இருமுறை. விடியற்காலை நான்கு மணிக்கே பாளை அரிவாளையும் குடுவையையும் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்போம். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும்.

அவர் இறக்கிக் கொண்டுவருவதைக் காய்ச்சுவது பெண்களின் பங்கு. ஓலையால் வேய்ந்த விடிலிக்குள் அடுப்பு எரியும். வெளியே வெயில், உள்ளே நெருப்பு. மணிக்கணக்காகக் கிண்டினால் கூப்பனியாகித் திரளும். பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. மருமக்கள் இருவர் முறைவைத்துக் கிண்டினார்கள். ஒருத்தி பதினெட்டுப் பேருக்குச் சோறு வடித்தாள். பிள்ளைகள் காலையில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போய்வந்து, பதநீரில் நுங்கையும் மாங்காயையும் நறுக்கிப்போட்டு ஓலைப்பட்டையில் குடித்தார்கள். பின்பு விறகும் சருகும் பொறுக்கினார்கள். இரவில் குடும்ப ஜெபம் முடிந்ததும் முற்றத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பேசாத பேத்தி

அந்த ஒன்பது பேரில் மும்பையிலிருந்து வந்த மூத்தவனின் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு இந்தியும் ஆங்கிலமும் தெரியும்; தமிழ் வராது. தாத்தாவுக்கோ தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதல் வாரம் முழுவதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி. ஜெபத்தில் மற்றப் பிள்ளைகள் வசனம் வாசிக்கும்போது அவள் தலைகுனிந்திருப்பாள். "என் பேத்தியிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வழியில்லையே" என்று அவர் ஓர் இரவு என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதற்கு என்னிடத்தில் பதில் இருக்கவில்லை.

மறுநாள் அவளைக் கைபிடித்து விடிலிக்கு அழைத்துவந்து, "இதை அடுக்கு மக்கா" என்று சிரட்டைகளைக் காட்டினார். அவள் அடுக்கினாள். சிரட்டை, கலயம், பாளை, அகப்பை என்று நாளுக்கு நாலு சொல்லாவது அவளுக்குக் கிடைத்தது. வேலை செய்கிறவர்கள் நடுவில் மொழி தானாக நடமாடும்.

ஒருநாள் பதநீர் நுரைத்துக்கொண்டு மேலே எழும்பியது. நான் புறத்தே விறகு எடுக்கப் போயிருந்தேன். "தாத்தா, பொங்குது! பொங்குது!" என்ற கூவல் கேட்டது. நசுக்கி வைத்திருந்த ஆமணக்கு முத்தைத் தானே எடுத்துப் போட்டு, நுரையை அடக்கியும்விட்டாள். அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான். அன்று மாலை அவர் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவரோடு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது இரண்டு கோடைகாலங்கள் மாத்திரமே. இன்று அவள் மும்பையில் ஒரு தாய். தன் மகனுக்குத் தாத்தாவைப்பற்றிச் சொல்லும்போது புகைப்படத்தைக் காட்டுவதில்லை. நுரை பொங்கிய கதையையே சொல்லுகிறாள்.

நீங்கள் வரும்போது

எங்கள் விடிலி இன்று இல்லை. பனையேறுகிறவர்கள் குறைந்துபோனார்கள், மரங்கள் பல செங்கல் சூளைக்குப் போயின. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆயினும் தேடிப்போனால் அடுப்பு எரியும் விடிலிகள் இன்னும் சில உண்டு.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறக்கிறது; ஆகையால் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதநீர் குடிக்க விரும்பினால் வெயில் ஏறுமுன்னே போங்கள். கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களைப்போல இரண்டே நாளில் திரும்பிவிடாதிருங்கள். பிள்ளைகளை விருந்தாளிகளாக உட்காரவைக்காமல், தாத்தாவும் ஆச்சியும் செய்யும் வேலையில் ஒரு பங்கை அவர்கள் கையில் கொடுங்கள். பனை இல்லாத வீட்டிலும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், முருங்கைக்கீரை ஆயலாம், கோழிக்குத் தீனி போடலாம். வயதானவர்கள் பேரப்பிள்ளைகளோடு பேசத் தவிக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு முறம் கீரையை இருவருக்கும் நடுவே வைத்துவிட்டு, நீங்கள் சற்று அப்பால் போய்விடுங்கள்.