பாட்டிலில் போடாத மண்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க். நிலத்தடித் தொட்டி கசிகிறது என்ற சந்தேகத்தில், மண்ணைச் சோதித்து அறிக்கை தரும் வேலை என்னிடம் வந்தது. நிலத்தடி நீருக்குப் பாதிப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய். எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

நான் காட்டிய காரணம் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் பாரத் பெட்ரோலியத்தின் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. அது மணல் பூமி, எண்ணெய் ஓடிவிட்டது. இது கரிசல், களிமண், சொட்டுக்கூட இறங்காது என்றேன். ஆய்வகத்தில் பிசைந்து அடைத்த கரிசலில் தண்ணீர் இறங்கவில்லை என்பதைச் சான்றாக வைத்தேன்.

நான் கரிசல்காட்டில் பிறந்தவன். சித்திரை வெயிலில் வெடிப்புக்குள் கைவிட்டால் முழங்கை வரை போகும். ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொண்டு கத்தும். அது போகட்டும். அந்த இடத்தில் கரிசல் ஆள் உயரம்கூட இல்லை. கீழே சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல் அடுக்கு, அதற்கும் கீழே சிதைந்த பாறை. தொட்டிக்குக் குழி தோண்டும்போதே கரிசலைத் தாண்டிவிட்டார்கள். சுற்றிலும் மணலைக் கொட்டித்தான் தொட்டியை இறக்கியிருக்கிறார்கள். தொட்டிக்கு அடியில் இல்லாத களிமண்ணை நம்பச் சொல்லி அறிக்கை எழுதினேன்.

ஆகர் என்னும் மண் துளைக்கும் கருவியில் எடுத்த மண்ணைச் சாக்கில் வரிசையாக வைத்தோம். மேல்மண் கன்னங்கரேல் என்றிருந்தது. கடைசித் துண்டைக் கத்தியால் பிளந்தேன். சுக்கான் கற்களைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிறம். குனிவதற்குள் வாடை முகத்தில் அடித்தது. வாயு மீட்டரைக் காட்டினேன், எண் மளமளவென்று ஏறியது. அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேலே இருந்த கரிய துண்டைச் சாம்பிள் பாட்டிலில் அடைத்து மூடினேன். கூட வந்த பையன் என்னையே பார்த்தான். "கல்லு கெடக்கு, லேப்ல எடுக்க மாட்டாங்க" என்றேன்.

பங்க்குக்குப் பள்ளத்துப் பக்கம் ஒரு தோட்டக் கிணறு. கிணற்றுக்காரப் பெரியவர் வந்து நின்றார். "தம்பி, மோட்டார் போட்டா பெட்ரோல் வாடை அடிக்குது. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுது." "பாத்துக்கிடுறோம்யா" என்று அனுப்பி வைத்தேன். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். அதிலுள்ள பென்சீனோ தண்ணீரில் கரையும். ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவு பென்சீன் இருந்தால் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. அவர் கிணற்றிலோ மனுஷ மூக்குக்கே வாடை தெரிந்தது. வேலைக்கு வருகிறவர்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். பங்க் வளாகத்துக்கு வெளியே இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, ஒரு பாட்டில் தண்ணீர்கூட நான் எடுக்கவில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல்படி, 165 லிட்டருக்கு மேல் கசிந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். மண்ணுக்கும் நீருக்கும் வந்த கேட்டுக்கு எண்ணெய் நிறுவனம்தான் பொறுப்பு. உண்மையை எழுதியிருந்தால் பங்க்கை மூட வேண்டி வந்திருக்கும், எனக்கு அடுத்த வேலை வந்திருக்காது. யாரும் மிரட்டவில்லை. யாரும் பணம் நீட்டவில்லை. எந்தப் பதில் வேண்டியிருக்கிறது என்று நானாகவே கணக்குப் போட்டு, அதை எழுதிக் கொடுத்தேன்.

இப்போது நடந்ததையெல்லாம் எழுதி, களக்குறிப்பின் நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பெரியவரிடம் போய், அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், மாட்டுக்கும் காட்ட வேண்டாம் என்றேன். "நான் அன்னைக்கே சொன்னேனே தம்பி" என்றார். மறுபடி சோதிக்க வருகிறவர்கள் தொட்டியின் பள்ளத்துப் பக்கம், சுக்கான் தொடங்கும் ஆழத்தில் மண் எடுக்க வேண்டும். கிணற்று நீரை, மோட்டார் ஓடும்போதும் நின்ற பிறகும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆகர் இறக்கிய இடம் எனக்கு நன்றாகத் தெரியும். கூப்பிட்டால் வந்து காட்டுவேன்.